கடைசி வரிசைக்காரரைத் தேடி

பல்லவி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அவள் பல் செட் செய்கிறவள், அதோடு பாட்டுப் பைத்தியம். இரண்டையும் சேர்த்து ரசிகர் குழுவில் யாரோ விளையாட்டாக வைத்த பேர் அது. ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் அவளுக்கு வேறு பட்டம்: 'அபாயச் சங்கு'. அதை வைத்தவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் குழிக்குள் அவர் இறங்கிவிட்டால் போனில் கிடைக்க மாட்டார். இது தெரிந்தும் பல்லவி அழைப்பாள். மணி அடிக்காமல் போனால், கம்பி அறுந்ததாகவும் ஆள் விழுந்ததாகவும் மனதுக்குள் ஒரு படம் ஓடும். படம் முடிவதற்குள் அவரே கூப்பிடுவார்.

"உயிரோடதான் இருக்கேன். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான்."

மகள் கல்லூரியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். வானம் இருட்டினால் மொட்டை மாடிச் சுவரைப் பற்றிக் கவலைப்படுவாள். இத்தனை வருடத்தில் அவள் பயந்ததில் ஒன்றுகூட நடந்ததில்லை. "நீ பயந்தா அது நடக்காதுன்னு அர்த்தம்மா. நீ பாட்டுக்குப் பயந்துக்கிட்டே இரு, நாங்க நிம்மதியா இருப்போம்" என்பார் கணவர். அவளும் சிரிப்பாள். ஆனால் உள்ளே அந்தப் படம் மட்டும் நிற்காது.

அது நிற்கிற ஒரே நேரம் பாட்டுக் கேட்கிற நேரம்தான். அதுவும் எல்லாப் பாட்டும் இல்லை. ஒரே ஒரு பாடகி. குழுவில் யாரும் அந்தப் பாடகியின் பேரைச் சொல்ல மாட்டார்கள். 'அவங்க' என்றாலே போதும். காதில் அவங்க குரல் ஏறியதும் பல்லவியின் தோள்கள் கீழே இறங்கும். கை தன் வேலையை அழகாகச் செய்யும்.

குழுவை ஆரம்பித்தவன் ஒரு பிரெட் வேன் ஓட்டுநர். அவனுக்குப் பேர் 'ஹாரன்'. பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன். கச்சேரியில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைக்கிற அளவுக்குக் கூடவே பாடுவான். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் யாராவது ஒரு பாட்டைப் போட்டு, அதை எங்கே கேட்டோம், யாரோடு கேட்டோம் என்று குரல் பதிவில் சொல்வார்கள். மற்றவர்கள் தங்கள் கதையைச் சேர்ப்பார்கள். பல ஊர்க்காரர்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பல்லவி தன் கச்சேரிக் கதையை வெகுநாள் சொல்லவில்லை. கடைசியில் கூச்சத்தோடு சொன்னாள். "நான் அவங்க கச்சேரிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். அதுலயும் பாதி நேரம், தீப்பிடிச்சா எந்த வழியா ஓடுறதுன்னு கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னார். "பல்லவி, நானும் கதவுக்குப் பக்கத்துலதான் உட்காருவேன். பயத்துல இல்ல. அங்கதான் காத்து வரும்."

அவர்தான் 'கடைசி வரிசை'. ஒவ்வொரு காலையிலும் "எல்லாருக்கும் வணக்கம், கடைசி வரிசையிலேருந்து பேசறேன்" என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் மேடையைப் பற்றிச் சொல்வார்கள். அவர் மண்டபத்தின் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்வார். மேடைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டிய காவலாளி ஒருவர், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு விரலால் மட்டும் தடியில் தாளம் போட்ட கதை. அழுத குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போன அப்பா, வாசலிலேயே நின்று குழந்தையோடு சேர்ந்து தானும் அழுத கதை. ஒரு கச்சேரியில் கரண்ட் போய் மைக் செத்து, அவங்க வெறும் தொண்டையில் பாடி முடித்த கதை. "அன்னிக்குத்தான் அவங்க நிஜக் குரல் என்னன்னு எங்களுக்குத் தெரிஞ்சது" என்பார். அந்தக் கதையைக் குழு எத்தனை முறை கேட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

அன்று காலை பல்லவி பட்டறையில் இருந்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகள் மேசையில் வரிசையாக இருந்தன. ஸ்பிரிட் விளக்கில் சின்னக் கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, மேல் வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தாள். காதில் செருகியிருந்த இயர்போனில் குழுவின் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி வரிசையின் பதிவு வந்தது.

"எல்லாருக்கும் வண... வண... கடைசி வரி... சி..."

பின்னால் அவங்க பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் 'ரயில் பாட்டு' என்று சொல்வார்களே, அது. பாட்டுக்கு மேல் அவர் ஏதோ சொல்லத் தேடுகிற சத்தம். "அது... அது வந்து... மழ... இல்ல..." நாக்கு ஈரத் துணி மாதிரிக் கனமாகப் புரண்டது. கடைசியில் எதுவோ கீழே விழுகிற சத்தம். பதிவு அத்தோடு முடிந்துவிட்டது.

குழுவில் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. 'அண்ணன் இன்னும் எழுந்திருக்கவே இல்ல போல.' 'போர்வைக்குள்ளேருந்து பேசறாரு.' ஹாரன் ஒரு கொட்டாவியைப் பதிவு செய்து அனுப்பினான்.

பல்லவி கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி கேட்டாள். 

இந்தப் பேச்சை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். சிறுமியாக இருந்தபோது, ஒரு காலையில், அவள் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இப்படித்தான் பேசினார். தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா அதற்குப் பிறகு பேசவே இல்லை.

உடனே இன்னொரு குரலும் அவளுக்குள் பேசியது. 'ஆரம்பிச்சுட்டியா? சங்கு ஊதிட்டியா?' ஒருவேளை மனிதர் பல் விளக்கிக்கொண்டே பேசியிருக்கலாம். போன் கைநழுவி விழுந்திருக்கலாம். கணவரை அழைத்தாள். நல்லவேளை, அவர் குழிக்குள் இல்லை. பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"தூக்கத்துல உளறியிருப்பாரும்மா. நீ வேலையைப் பாரு."

"ஒரு தடவை போன் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"பண்ணு. பண்ணாம உனக்குக் கை ஓடுமா?"

பண்ணினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி பண்ணினாள். மறுபடியும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவள் நெஞ்சு ஒரு படி கீழே இறங்கியது. ஹாரனைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, காலங்காத்தால?"

"தம்பி, அந்தப் பதிவை மறுபடி கேளு. இப்பவே கேளு. சிரிக்காம கேளு."

அவன் கேட்டான். திரும்பி வந்தபோது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "அக்கா... இது சரியில்லையே."

"அவர் வீடு எங்க?"

"தெரியாதுக்கா."

"பேர்?"

தினமும் குரல் கேட்கிற மனிதர், எந்தப் பாட்டுக்கு அவர் கண் கலங்கும் என்று தெரியும், பேர் தெரியாது. பல்லவி ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தாள். "முகவரி சொல்லுங்க" என்றாள் அங்கிருந்த பெண். சொல்ல எதுவும் இல்லை. "தெரிஞ்சதும் கூப்பிடுங்க, உடனே வண்டி வரும்" என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பொறுமை பல்லவிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் குழுவில் பேசினாள். குரல் நடுங்கியது, அதை மறைக்க முயலவில்லை. "யாரும் தப்பா நினைக்காதீங்க. கடைசி வரிசை அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ ஆயிருக்கு. போன் எடுக்கல. அவர் வீட்டைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொல்லியிருந்தா, சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க. தயவுசெஞ்சு."

சிரிப்பு முகங்கள் நின்றன. பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் கச்சேரிக் கதைகள்தான்; வேறு எதுவும் யாரிடமும் இல்லை. திறந்தவெளி அரங்கில் கச்சேரி முடிந்தால் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவதாக ஒருமுறை சொன்னாராம். அரங்கில் ஒத்திகை நடக்கும்போது காற்று இந்தப் பக்கம் அடித்தால் மாடியிலிருந்தே கேட்கும் என்றாராம். வேறு ஊரில் இருக்கிற ஒரு பள்ளி ஆசிரியை சொன்னாள்: "அவர் பதிவுல எப்பவும் தடதடன்னு ஒரு சத்தம் வரும். என்னன்னு கேட்டேன். கீழ் வீட்டுல துணி தைக்கிறாங்க, அந்த மிஷின்தான் எனக்குத் தாளம்னாரு."

ஹாரனுக்கும் ஒன்று நினைவு வந்தது. "ஒரு கச்சேரி முடிஞ்சு மழையில நின்னுக்கிட்டிருந்தாரு. நான்தான் வேன்ல ஏத்திக்கிட்டேன். தண்ணித் தொட்டி முக்குல இறங்கிக்கிட்டாரு. உள்ளே வண்டி போகாதுன்னாரு. அக்கா, நான் வந்து உங்களை ஏத்திக்கிறேன்."

பல்லவி முதலாளியிடம் போய் நின்றாள். "அவசரமா வெளியே போகணும் சார்."

"என்ன, வீட்டுல யாருக்காவது?"

குழு, பாட்டு, கடைசி வரிசை என்று சொல்ல வாய் வரவில்லை. "சொந்தக்காரர்" என்றாள்.

வேனுக்குள் பிரெட் வாசனை. அன்றைக்குக் கடைகளுக்குப் போக வேண்டிய தட்டுகள் பின்னால் அப்படியே குலுங்கின. ஹாரன் வண்டியை விரட்டினான். ஒவ்வொரு சிக்னலிலும் பல்லவியின் கால், இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்தது. தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்த மனிதர் கதவைத் திறந்து, 'என்னம்மா, எதுக்கு வந்தீங்க' என்று கேட்கட்டும். குழுவே தன்னைக் கேலி செய்யட்டும். வருடம் முழுக்கச் செய்யட்டும்.

தண்ணீர்த் தொட்டி முக்கில் இறங்கினார்கள். அங்கிருந்து சந்துகள் விரல்கள் மாதிரிப் பிரிந்தன. முதல் சந்தில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. பல்லவி ஓடினாள். உள்ளே போய்ப் பார்த்தால் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்து தோல் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் குடியிருப்பே இல்லை, கிடங்கு. அடுத்த சந்தின் முனையில் முடி வெட்டும் கடை இருந்தது. கடைக்காரர் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, இங்க ஒருத்தரைத் தேடுறோம்" என்றான் ஹாரன்.

"பேர் என்ன?"

"பேர் தெரியாது."

"என்ன வேலை பார்க்கிறாரு?"

"அதுவும் தெரியாது."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"மழையில பார்த்தேன். தலையில துண்டு போட்டிருந்தாரு."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு அவரைப் பத்தி என்னதான் தெரியும்?"

"அவருக்குப் பிடிச்ச பாட்டு தெரியும்" என்றாள் பல்லவி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. "எப்பவும் ஒரே பாடகியோட பாட்டுத்தான் கேட்பாரு. மாடி வீடு. கீழே துணி தைக்கிறவங்க இருப்பாங்க."

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "டெப்போ சார் வீட்டைத் தேடுறீங்களா? பாட்டுக்கார சார்? நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க. பச்சைக் கதவு."

பச்சைக் கதவுக்குள் ஒரு பெண்மணி மிஷினில் குனிந்திருந்தார். பல்லவி மூச்சு வாங்கக் கேட்டாள்: "மேல இருக்கிறவர் வீட்டுல இருக்காரா?"

"வாங்க, நீங்களாவது போய்ச் சொல்லுங்க" என்றார் அந்தம்மா எரிச்சலோடு. "காலையிலேருந்து ஒரே பாட்டு மறுபடி மறுபடி ஓடுது. ஒருநாளும் இப்படிப் பண்ண மாட்டாரு. கம்பை எடுத்து மேல்தளத்தை ரெண்டு தடவை தட்டினேன். அப்பவும் குறைக்கல. பதிலுக்கு ஒரு தடவை லேசா தட்டுறாரு, அவ்வளவுதான்."

அவள் படிகளில் ஏறியது அவளுக்கே நினைவில்லை.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. உள்ளே ரயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டினார்கள். கூப்பிட்டார்கள். "அண்ணே, ஹாரன் வந்திருக்கேன், திறங்க" என்று அவன் கத்தினான். தையல்காரம்மா பின்னாலேயே ஏறி வந்து, விஷயம் புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். ஹாரன் தோளால் இடித்தான். தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. இடது கை தரையில் இருந்தது. தட்டிய கை அதுதான். ஹாரன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட, தையல்காரம்மா பக்கத்தில் நின்று விலாசத்தைச் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான்.

பல்லவி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் கண்கள் அவள் முகத்தில் தடுமாறின. தெரியாத முகம். "அசையாதீங்கண்ணே. வண்டி வருது. நான்... நான் பல்லவி" என்றாள்.

குரல் தெரிந்துவிட்டது. இடது கை மெல்ல நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அத்தனை வலு அந்தக் கையில் எப்படி இருந்தது என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. வண்டி வந்து, படுக்கையில் ஏற்றி, கீழே இறக்கும்வரை அந்தப் பிடி விடவில்லை.

மருத்துவமனையில் ஒரு செவிலி விவரம் கேட்டாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"பேர்?"

"என் பேரா?"

"பேஷன்ட் பேரும்மா."

தங்கை விழித்தாள். ஹாரன் உதவிக்கு வந்தான். "எல்லாரும் கடைசி வரிசைன்னு கூப்பிடுவோம்." செவிலி பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்த பார்வையில், அவன் இரண்டடி பின்னால் போனான். நல்லவேளை, தையல்காரம்மா அவருடைய பஸ் பாஸை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். பேர் கிடைத்தது. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட இரண்டு பேருக்கும் கடைசிவரை வாய் வரவில்லை.

மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பல்லவிக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது. ஸ்பிரிட் விளக்கு! அணைத்தாளா இல்லையா? பக்கத்தில் மெழுகு, பஞ்சு, எல்லாம் தீப்பிடிக்கிற சாமான்கள். முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அணைஞ்சுதான் இருக்கு" என்றார் அவர். "நீ போனதும் முதல் வேலையா அதைத்தான் போய்ப் பார்த்தேன். உன்னைத் தெரியாதா எனக்கு?"

குழுவின் கேள்விகளால் போன் விடாமல் அதிர்ந்தது. என்ன ஆச்சு, எப்படி இருக்காரு, சொல்லுங்க. காலையில் கொட்டாவி விட்டதற்காக ஹாரன் தன் பதிவை அழித்திருந்தான். மற்றவர்களும் சிரிப்பு முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வெளியே வந்தார். "பக்கவாதம்தான். சீக்கிரமே கொண்டுவந்துட்டீங்க. உயிருக்குப் பயமில்ல. வலது பக்கம் மெதுவாத் தேறும். பேச்சு மட்டும்... பார்க்கலாம், இப்ப எதுவும் சொல்ல முடியாது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் கிண்டல் செய்யவில்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தார். "இந்தத் தடவை உன் சங்கு சரியாத்தான் ஊதியிருக்கு" என்றார்.

அதைக் கேட்டு அவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். மாறாகக் குலை நடுங்கியது. இதுவரை, பயப்படுவது நடக்காது என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது ஒன்று நடந்துவிட்டதே. அப்படியானால் மற்றதெல்லாம்? லிஃப்ட் கம்பி? மகள் ஏறுகிற பஸ்? அடுத்து வந்த நாட்களில் அவள் யாரையும் விடவில்லை. கணவரை வேலை நேரத்தில் அழைத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒருநாள்கூடக் கோபப்படவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தார். குழிக்குள் இறங்கும் முன் 'உள்ளே' என்று ஒரு வார்த்தை அனுப்புவார். ஏறி வந்ததும் 'வெளியே' என்று ஒரு வார்த்தை. இரண்டுக்கும் நடுவில் அவள் பாட்டுக் கேட்பாள்.

நோயாளியின் அக்கா வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். விறைப்பான மனுஷி. பாட்டு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "பாட்டு பாட்டுன்னுதான் இவன் இப்படித் தனியாக் கிடந்தான்" என்றார் பல்லவியிடம். "கல்யாணம் வேணாம்னான். எங்ககூட வந்து இருடான்னா, அங்க கச்சேரி நடக்காதுன்னான். இதுல நீங்க வேற கூட்டமாச் சேர்ந்துக்கிட்டீங்க."

பல்லவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் வேலை முடிந்ததும் போவாள். குழுவில் ஒவ்வொருவரும் அவருக்காகத் தங்கள் கச்சேரிக் கதையைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். அவற்றைக் கட்டிலருகே மெதுவாகப் போட்டுக் காட்டுவாள். அவர் கேட்பார். பதில் சொல்ல உதடு கூட்டுவார். ஒன்றும் வராது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கும்.

"போதும் நிறுத்து" என்றார் அக்கா ஒருநாள். "ஏன் இவனை அழ வைக்கிறே?"

பல்லவிக்குச் சுருக்கென்றது. உதவி என்று நினைத்துக்கொண்டு புண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறோமோ? போவதைக் குறைத்தாள். போனாலும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பட்டறையில் பற்களைப் பதிக்கும்போதெல்லாம் பேச முடியாத அந்த வாய்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு விடுமுறை நாளில் ஹாரன் வந்தான். அவனுக்கு வாசலில் நின்று எட்டிப் பார்க்கத் தெரியாது. நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தான். அக்கா முறைத்தார். அவன் கண்டுகொள்ளவில்லை.

"அண்ணே, அந்தக் கரண்ட் போன கச்சேரி நினைவிருக்கா? உங்க அக்காவுக்குச் சொல்றேன் பாருங்க. அவங்க மழைப் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தாங்களா, பட்டுன்னு கரண்ட் போயிடுச்சு..."

கட்டிலில் இருந்தவரின் முகம் சுளித்தது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல்.

"ஆமாண்ணே, மழைப் பாட்டுத்தானே? ரெண்டாவது சரணம்..."

இடது கை கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தது. முகம் சிவந்தது. அக்கா எழுந்துவிட்டார். "டேய், போடா வெளியே! அவனைப் பாடாப் படுத்தாதீங்கடா!"

வாசலில் நின்றிருந்த பல்லவி உள்ளே ஓடிவந்தாள். பக்கவாதம் மறுபடி வந்துவிட்டதோ என்று பயந்தாள். செவிலியைக் கூப்பிடத் திரும்பியவள், அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். அது வலி இல்லை. அழுகையும் இல்லை. தப்பான தகவல் சொன்னவனைப் பார்க்கிற ரசிகனின் எரிச்சல். அசல் எரிச்சல்.

அவர் மூச்சை இழுத்தார். கோணிய வாயிலிருந்து, கரகரத்து, சுருதி கொஞ்சம் விலகி, ரயில் பாட்டின் ஒரு வரி வந்தது.

"போன ரயிலே... ஒருமுறை... திரும்பிப் பாராயோ..."

ஒவ்வொரு சொல்லும் முழுசாக இருந்தது.

பாடியவரே திகைத்துப்போனார். பேச முயன்றார், பழையபடி 'அது... அது...' என்று திக்கியது. மறுபடி பாடினார், வரி வந்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"சரிண்ணே, ரயில் பாட்டுத்தான்" என்றான் ஹாரன். அவன் கன்னமெல்லாம் ஈரம். "நான்தான் தப்பு. மழைப் பாட்டு இல்ல. சத்தியமா இல்ல."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேச்சு போன சிலருக்குப் பாட்டு வருவதுண்டு என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேச்சுக்கு வரலாம், ஆனால் எவ்வளவு தூரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். விஷயம் குழுவுக்குப் போயிற்று. அன்றிலிருந்து குழுவில் உண்மை பேசுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டை முதலில் பாடினார்கள், எந்தப் பாட்டுக்குப் புல்லாங்குழல், யார் தபலா என்று எல்லோரும் வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பதிவு செய்து அனுப்பினார்கள். பல்லவி அவற்றைப் போட்டுக் காட்டுவாள். அவர் கொதிப்பார், கையை அடிப்பார், சரியான பாட்டைப் பாடிக் காட்டுவார். ஒருநாள் பள்ளி ஆசிரியையின் பதிவுக்குப் பாட்டு இல்லாமலே ஒரு சொல் வந்தது. "பொய்." தெளிவான முதல் சொல். அக்கா அதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் நெடுநேரம் நின்றார்.

அப்படியும் பல்லவிக்கு நிம்மதி இல்லை. கோபத்தில் ரத்தக் கொதிப்பு ஏறிவிடுமோ என்று ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் டாக்டரைக் கேட்பாள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அவருக்காகப் பயப்படுறதை நிறுத்தினாலே அவர் பாதி தேறிடுவாரும்மா."

வலது கால் வந்தது. கை சரியாக வரவில்லை. பேச்சு துண்டு துண்டாக வந்தது. இன்னொரு முறை இப்படி ஆகாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தனியாக இருக்க விட முடியாது என்று அக்கா தன் ஊருக்கு அழைத்துப் போக முடிவு செய்தார். தண்ணீர்த் தொட்டி முக்கு வீட்டைக் காலி செய்த அன்று தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ஹாரனின் வேனில்தான் சாமான்கள் போயின. பல்லவி, மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து அக்கா கையில் கொடுத்தாள். வழியில் எங்கெங்கே மருத்துவமனை இருக்கிறது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. தினமும் காலையில ஒரு வார்த்தை. இல்லைன்னா எனக்கு வேலை ஓடாது."

"எனக்கு இந்தப் போன்ல பேசி அனுப்புறதெல்லாம் தெரியாது."

ஹாரன் வேன் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அழுத்திப் பிடிங்க, பேசுங்க, விரலை எடுங்க. அவ்வளவுதான். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை குழுவில் புதுக் குரல் வந்தது. கட்சிக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பது மாதிரி. "வணக்கம். என் தம்பி எழுந்துட்டான். சாப்பிட்டான். மாத்திரை போட்டாச்சு. வேற என்ன சொல்லணும்னு தெரியல." குழுவில் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். ஒருநாள் வர நேரமானது. பல்லவி கத்தியும் மெழுகுமாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. பின்னால் அவர் ஏதோ பாடிக்கொண்டிருந்தார், அக்கா அவரை அதட்டினார், "இருடா, பேசறேன்ல."

மழை ஓய்ந்த ஒரு காலையில், எழுந்தான், சாப்பிட்டான், மாத்திரை போட்டாச்சு என்ற வழக்கமான அறிக்கைக்குப் பிறகு பதிவு முடியவில்லை. அக்கா தொண்டையைச் செருமினார்.

"இவன் நேத்து சாயங்காலம் ஒரு பாட்டு போட்டான். ஒரு பொம்பளை தனியா ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி வருமே. எல்லாம் ஒரே சத்தம்னுதான் நினைச்சேன். இது கொஞ்சம் பரவாயில்ல. அது இவன் ஆஸ்பத்திரியில பாடின பாட்டுத்தானா? யார் எழுதினது? இவனைக் கேட்டா பாடிக்கிட்டே இருக்கான், சொல்லித் தொலைய மாட்டேங்கிறான்."

பல்லவி பதில் சொல்லப் போனை எடுத்தாள். அதற்குள் ஹாரன் சொல்லிக்கொண்டிருந்தான், ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தாள், வாயே திறக்காத ஆட்களெல்லாம் எந்த மண்டபத்தில், எந்த வருடம், யார் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டோம் என்று பதிவு மேல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் மறுபடி வந்தது.

"எல்லாரும் சேர்ந்து கத்தாதீங்க. ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. கேட்கத்தானே உட்கார்ந்திருக்கேன்."